எந்த வருஷத்துக்கு மீட்பது? – போடி மலைச்சரிவும் ஒரு பித்தளைப் பாய்லரும்

1

என் தாத்தாவின் காபிக்கடைப் பாய்லர் கால் நூற்றாண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டத்தில் சாய்ந்து கிடந்தது. போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில், மலை ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால் இருந்த கடை அது. 1996இல், நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மூடப்பட்டது. பெஞ்சுகள் விறகாயின. கண்ணாடி பீரோவை யாரோ விலைக்குக் கேட்டு எடுத்துப் போனார்கள். பாய்லர் மட்டும் தங்கிவிட்டது. போன தை மாசம் அதை வெளியே இழுத்துப் போட்டு, பழையபடி தண்ணீர் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. வேலை பாதியில் ஏன் நின்றது என்பதைப் பற்றியதும்கூட.

பாய்லரின் உடற்கூறு எளிமையானது. உருளைப் பாத்திரம். நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அதற்குள் கரி. அடியில் சல்லடை, சாம்பல் தள்ள ஒரு வாய். குழாயைச் சுற்றித் தண்ணீர். பக்கவாட்டில் ஒரு திருகுக் குழாய். அவ்வளவுதான். மூடி இறுக்கமில்லாதது என்பதால் ஆவி அழுத்தம் சேர்வதில்லை. கொதிநீர் கீழே இறங்குவது அதன் சொந்த எடையால். துணிப்பையில் தூளைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றினால் டிகாஷன் சொட்டுவதும் எடையால்தான். நம் காபி, புவியீர்ப்பை நம்பிய காபி.

முதல் வேலை உப்பு எடுப்பது. உள்ளே விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, வேப்பங்குச்சியால் சுரண்டினால் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. கடைசித் தகட்டோடு ஒரு காலணாவும் வந்து விழுந்தது. தவறி விழுந்த காசு அல்ல. தண்ணீர் கொதிக்கும்போது காசு அடித்தளத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் கரி போடணும், தண்ணீர் பார்க்கணும். பழைய பாய்லர்க்காரர்களின் கடிகாரம் அது.

இரண்டாவது வேலை குழாய். திருகின் மரை தேய்ந்திருந்தது, வாஷர் கருகிப் பொடியாகிவிட்டது. மூன்றாவது வேலை ஈயம். போடியில் ஈயம் பூசத் தெரிந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. “தம்பி, இப்ப யாரு பித்தளையில வேக வைக்கிறா? கல்யாண மண்டபத்து அண்டா நாலு வரும், அம்புட்டுத்தான்” என்றார். பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவி, வெண்புகை எழும்ப, உருகிய ஈயத்தைப் பஞ்சால் வழித்து ஓட்டினார். தமிழில் ‘ஈயம்’ என்கிற சொல் இரண்டு உலோகங்களை மூடி மறைக்கிறது. வெள்ளீயம் பித்தளையின் களிம்பு உணவில் ஏறாமல் காக்கும். காரீயம் நஞ்சு. வெள்ளீயத்தின் விலைக்குப் பயந்து காரீயத்தைக் கலப்பவர்களும் உண்டு. எது பூசப்பட்டது என்று பளபளப்பைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பளபளப்பு எப்போதும் இப்படித்தான்.

2

பழைய காபி எந்திரங்களை வீட்டில் வைத்துச் சரி செய்வது மேற்கே ஒரு பெரிய பித்து. அங்கே அதன் பெயர் எஸ்பிரஸோ. 1884இல் துரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் காபி எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். 1901இல் மிலானின் லூயிஜி பெட்ஸேரா அதைத் தனித்தனிக் கோப்பைக்கானதாக மாற்றினார். நீராவி எந்திரங்களில் அழுத்தம் குறைவு, சூடு அதிகம், காபி கருகும். ஆக்கில்லே காஜ்ஜா நீராவியை விலக்கும் முறைக்கு 1938இலும், போர் முடிந்த பின் 1947இல் நெம்புகோல் முறைக்கும் காப்புரிமை பெற்றார். நெம்புகோலைக் கீழே இழுத்தால் ஒரு கம்பிச்சுருள் இறுகும், அறைக்குள் வெந்நீர் புகும். கையை விட்டதும் சுருள் விரிந்து, எட்டு ஒன்பது வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீரைத் தூளுக்குள் தள்ளும். கோப்பையின் மேல் பொன்னிற நுரை படியும். கொதிகலன் செய்துவந்த வேலையை ஒரு தொழிலாளியின் தோள் ஏற்றுக்கொண்டதன் நுரை அது. 1961இல் ஃபயேமா நிறுவனத்தின் மின்மோட்டார் எந்திரம் வந்து அந்தத் தோளையும் தேவையற்றதாக்கியது.

இன்று அந்த நெம்புகோல் எந்திரங்களைத் தேடி வாங்கி, ரப்பர் வளையம் மாற்றி, உப்பு எடுத்து, குரோமியம் பூசி வீட்டு மேசையில் வைக்கிறார்கள். அதில் உண்மையான கைத்திறன் இருக்கிறது, நான் பரிகசிக்கவில்லை. ஆனால் மீட்கப்பட்ட எந்திரம் நம்மிடம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்க வேண்டும். 1935இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. அரபிகா காபியின் தாய்நிலம் அது. துரு எடுக்கும்போது அந்த மூன்று வருஷ இடைவெளியும் சேர்ந்து போய்விடுகிறது.

நம் ஊருக்கு எஸ்பிரஸோ வந்த விதம் இன்னும் வேடிக்கை. கல்யாண வீட்டு வாசலில் ‘எக்ஸ்பிரஸோ காபி’ என்று ஓர் எந்திரம் சீறும். ஒரு மெல்லிய குழாயில் நீராவி வரும். பாலையும் இன்ஸ்டன்ட் தூளையும் அது நுரைக்க வைக்கும். மேலே கொஞ்சம் கோகோ தூவித் தருவார்கள். காபித்தூளின் ஊடாக அழுத்தம் எங்கேயும் போகவில்லை. பெயரும் நுரையும் வந்தன, எந்திரத்தின் உள்ளுறுப்பு வரவில்லை. நம் நவீனத்துவ விவாதங்கள் பலவற்றின் கதையும் இதுதான் என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள். அது கிடக்கட்டும்.

3

தமிழர்களின் காபி பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) நடுத்தர வர்க்கம் தன்னைக் கட்டமைத்துக்கொண்ட பொருளாகக் காபியைப் பார்க்கிறது. அந்த வாசிப்பை ஏற்றுக்கொண்டே, நான் வேறொரு திசையிலிருந்து வர விரும்புகிறேன். கோப்பையிலிருந்து அல்ல, மலைச்சரிவிலிருந்து.

போடியிலிருந்து மேற்கே பார்த்தால், அடிவாரத்தில் இலவமும் மாவும், அதற்கு மேல் குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளில் காபியும் மிளகும், எல்லை தாண்டினால் ஏலம். இந்த அடுக்கு இயற்கை மட்டும் போட்ட அடுக்கு அல்ல. 1877இல் பூஞ்ஞாறு தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன்தேவன் மலைகளைப் பெற்றார். தேயிலை நிலைபெறுவதற்கு முன்னால் அங்கே காபி, சின்கோனா, ஏலம் எல்லாவற்றையும் பயிரிட்டுப் பார்த்தார்கள். 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம், 1908இல் அதுவே சிறு ரயில். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடிக்கு. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரை–போடி ரயில்பாதை வந்தது. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மூடி, 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பியது.

தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. மலையேறிய கூலிகளுக்குக் கால்தான் இருந்தது. கங்காணிகள் மதுரை, ராமநாதபுரச் சீமைகளிலிருந்து ஆள் கட்டி மேலே அனுப்பினார்கள். 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. போடிமெட்டில் எல்லை விழுந்தது. உழைப்பு மட்டும் எல்லையைக் கவனிக்கவில்லை. இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள், பொழுது சாய இறங்குகிறார்கள். இறங்கி வந்த ஏலத்தைப் போடியின் கிட்டங்கிகளில் உட்கார்ந்து தரம் பிரிப்பவர்களும் பெண்கள்தான். ஏலக்காயை ஏலம் விடும் இடமும் இங்கே இருக்கிறது. பிரிப்பவள் விலை சொல்வதில்லை.

காபிக்கு விலை சொன்னது அரசு. 1942ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்துக்குப் பின், விளைந்ததைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் படிப்படியாகத் தளர்த்தி, 1996இல் முழுக்கத் திறந்துவிட்டார்கள். எங்கள் கடை மூடப்பட்ட அதே வருஷம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. தாத்தாவுக்குக் கண் தெரியாமல் போனதுதான் காரணம். ஆனால் இப்படிப் பொருந்திவரும் வருஷங்களை வைத்து ஒரு பெருங்கதையாடலைக் கட்டிவிடும் ஆசை எனக்கும் வந்தது: தாராளமயம் வந்தது, தாத்தாவின் பாய்லர் அணைந்தது என்று. அந்தக் கட்டுரையை முக்கால்வாசி எழுதியும் விட்டேன்.

4

அப்போதுதான் தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தவர். அவருடைய தாத்தாவும் இந்தச் சரிவில் காபிப் பழம் பறித்தவர். முற்றத்தில் மின்னிக்கொண்டிருந்த பாய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நல்லாத்தான் வந்திருக்கு தோழர். கடை முழுசையும் மீட்டாச்சா?”

“பெஞ்சு ரெண்டு செய்யச் சொல்லியிருக்கேன்.”

“சிரட்டை?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வாஷர் மாற்றியாச்சா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

எனக்குத் தெரியாததல்ல. கடைக்குப் பின்னால் வேப்பமரத்தில் அடித்திருந்த ஆணி எனக்கு நினைவிருக்கிறது. நான் பார்த்த காலத்தில் அதில் தொங்கியது அலுமினியக் குவளை. அதற்கு முன்னால் சிரட்டை. 1938இல் சென்னை மாகாணத்துச் சட்டம், 1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1957இல் ‘பிராமணாள்’ பெயர்ப்பலகைக்கு எதிராகத் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் நடத்திய போராட்டம். இத்தனைக்குப் பின்னும் அந்த ஆணி மரத்தில் இருந்தது. பெயர்ப்பலகையை அழிக்கச் சொல்லிப் போராடிய இயக்கத்தின் மேல் மரியாதை கொண்ட கடை அது. பலகையில் எங்கள் சாதிப் பெயர் இல்லை. சாதி பின்பக்கம் தொங்கியது.

அம்மாவிடம் கேட்டேன். “அது அப்ப எல்லாக் கடையிலயும் உள்ளதுதானப்பா. மரத்துல மாட்டியிருக்கும்.” அத்தையிடம் கேட்டேன். “அவுங்களே கழுவி வச்சிட்டுப் போயிருவாங்க.”

தமிழ் படித்தவன் என்பதால் இந்த வாக்கியங்களின் முன் கொஞ்சம் நின்றேன். ‘மாட்டியிருக்கும்’ – மாட்டியவர் யார்? அந்த வாக்கியத்தில் குவளை தானாகத் தொங்குகிறது. மாட்டிய கைக்கு இடமில்லை. அடுத்த வாக்கியத்தில் எழுவாய் வந்துவிடுகிறது: ‘அவுங்களே’. கழுவும் வேலைக்கு ஆள் உண்டு, ஒதுக்கும் வேலைக்கு ஆள் இல்லை. சாதி நம் மொழியில் வசைச்சொற்களாக மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுவாய் காணாமல் போகும் இடங்களிலும் அது இருக்கிறது. என்னுடைய முக்கால்வாசிக் கட்டுரையைத் திரும்பப் படித்தேன். தாராளமயம் ‘வந்தது’, பாய்லர் ‘அணைந்தது’. நானும் அதே இலக்கணத்தில்தான் எழுதியிருந்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். பாய்லரில் கொதித்தது ஒரே தண்ணீர். துணிப்பையில் வடிந்தது ஒரே டிகாஷன். பால் ஒன்று. மரத்தடியில் நின்று குடித்தவர்கள் காசைக் கையில் தராமல் பலகையில் வைக்க வேண்டும். வைத்த காசு கல்லாவுக்குள் போய் மற்றக் காசோடு கலந்துவிடும். கல்லாவிலிருந்த ஒரு காலணா பாய்லருக்குள்ளும் போயிருக்கிறது. அது யார் பலகையில் வைத்த காசு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குடித்த தண்ணீரில் வருஷக்கணக்காகக் கொதித்திருக்கிறது. காசுக்குத் தீட்டு இல்லை, கொதிநீருக்குத் தீட்டு இல்லை, உதட்டைத் தொடுகிற கடைசிப் பாத்திரத்துக்கு மட்டும் உண்டு. சுத்தம் அசுத்தம் என்கிற சொல்லாடல் எதையும் விளக்கவில்லை. லாபம் வரும்வரை ஒன்றாகவும், மனிதர் எதிரே வரும்போது இரண்டாகவும் இருக்கிற ஏற்பாடு அது.

பின்னால் தூக்கியெறியும் கப் வந்தது. பிரச்சனை ‘தீர்ந்தது’ என்றார்கள். சில கடைகளில் கப் சிலருக்கு மட்டும் என்றானது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்பும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தடை செய்யப்பட்டன. சூழலியல் நண்பர்கள் கண்ணாடிக் கிளாஸ் திரும்பட்டும் என்கிறார்கள். நானும் அதையே சொல்கிறேன். எத்தனை வகைக் கிளாஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

5

மீட்டெடுப்பு என்பது ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுப்பது. எந்த எந்திரத்தையும் ‘பழைய நிலைக்கு’க் கொண்டுவர முடியாது. ஒரு குறிப்பிட்ட வருஷத்து நிலைக்குத்தான் கொண்டுவர முடியும். மிலானின் நெம்புகோலை 1947க்கு மீட்பவர் 1935ஐ விட்டுவிடலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் பித்தளை டம்ளரைக் காட்டி ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பலகை வைத்தவர், எந்த வருஷமும் இல்லாத ஒரு பழமையை விற்கலாம். எனக்கு என் தாத்தாவின் கடை வேண்டுமென்றால், அது ஆணியோடுதான் வரும். ஆணி இல்லாத கடை வேண்டுமென்றால், அப்படி ஒரு கடையை அவர் நடத்தவில்லை.

பாய்லரை உருக்கிவிடலாமா என்றும் நினைத்தேன். தோழர் வேண்டாம் என்றார். “உருக்கிட்டா ஒங்க வீட்டுக்கு வசதி. கேக்குறதுக்குப் பொருளே இருக்காது” என்றார். அதனால் வேலையை முடித்தேன். குழாய்க்குப் புது மரை போட்டு, கரி போட்டுப் பார்த்தாயிற்று. தண்ணீர் கொதித்தது. காசு தட்டியது. பெஞ்சு செய்யச் சொன்னதை நிறுத்திவிட்டேன். இப்போது பாய்லர் எங்கள் வீட்டு முன்கட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சிரட்டை, ஓர் அலுமினியக் குவளை. சொந்தக்காரர்களில் சிலர் பாய்லரை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

சிரட்டைக்குக் கீழே ஓர் அட்டையில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். பலமுறை அடித்து எழுதிய வாக்கியம். எழுவாய் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்:

‘இந்தப் பாய்லரில் கொதித்த ஒரே தண்ணீரை என் தாத்தா இரண்டு பாத்திரங்களில் ஊற்றினார்.’