அலையோரத்தில் ஓர் இடம்

அயர்லாந்தின் தென்மேற்குக் கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலுக்குள் நிற்கிறது ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத்தீவு. உயரம் 218 மீட்டர். மடத்தை அடைய 600க்கும் மேற்பட்ட கற்படிகள் ஏற வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே துறவிகள் வாழ்ந்தார்கள். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கி, கவிழ்த்த பானை போன்ற குடில்களைக் கட்டினார்கள். மழைநீரைத் தொட்டிகளில் தேக்கிக் குடித்தார்கள். மீனும் கடற்பறவைகளும் அவற்றின் முட்டைகளும் சிறு தோட்டமும் அவர்களைக் காப்பாற்றின. 824ஆம் ஆண்டின் கீழ் அல்ஸ்டர் ஆண்டேடு ஒரு செய்தியைக் குறிக்கிறது: ஸ்கெல்லிக்கைச் சேர்ந்த எட்கால் என்பவரை வைக்கிங்குகள் பிடித்துச் சென்றார்கள், அவர் பசியாலும் தாகத்தாலும் இறந்தார்.

எகிப்தின் பாலைவனத் துறவிகளே இவர்களுக்கு முன்மாதிரி. அயர்லாந்தில் பாலைவனம் இல்லாததால் கடலையே பாலைவனமாக்கிக்கொண்டார்கள். 700ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட காம்ப்ரே மறையுரை, தான் நேசிக்கும் எல்லாவற்றையும் இறைவனுக்காகப் பிரிவதை ‘வெண் மறைசாட்சியம்’ என்கிறது. பிரியப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தியாகம் எப்படித் தெரியும்?

கொலம்பானுஸின் வாழ்க்கையை 7ஆம் நூற்றாண்டில் எழுதிய யோனாஸ் இதற்கு விடை வைத்திருக்கிறார், தான் அறியாமலே. இளைஞரான கொலம்பானுஸ், தனிக்குடிலில் வாழ்ந்த ஒரு பெண் துறவியிடம் அறிவுரை கேட்கிறார். நான் பெண்ணாக இல்லாதிருந்தால் எப்போதோ கடல் கடந்திருப்பேன், நீ புறப்படு என்கிறார் அவர். மகனைத் தடுக்க வாசற்படியில் விழுந்து கிடக்கிறார் தாய். மகன் தாண்டிச் செல்கிறார். ஐரோப்பாவில் மடங்கள் நிறுவி, 615இல் இத்தாலியின் போபியோவில் இறக்கிறார். வழி சொன்ன பெண்ணுக்கும் வாசலில் கிடந்த தாய்க்கும் அந்த நூலில் பெயர்கூட இல்லை.

பெயரோடு நமக்குக் கிடைப்பவர் கனேர். ஷானன் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள ஸ்கேட்டரி தீவில் செனானின் மடம் இருந்தது. பெண்கள் அங்கே கால்வைக்கக் கூடாது. செனானின் வாழ்க்கைக் கதைப்படி, கனேர் நீர்மேல் நடந்து அங்கே வருகிறார். இந்தத் தீவில் அடக்கமாக வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. செனான் மறுக்கிறார். கனேர் வாதிடுகிறார்: கிறிஸ்து ஆண்களை மட்டும் மீட்கவா வந்தார்? பெண்கள் அவருக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்யவில்லையா? விண்ணகத்துக்குள் நுழையும் பெண் தீவுக்குள் ஏன் நுழையக் கூடாது? செனானிடம் பதில் இல்லை. அலையோரத்தில் இடம் தருகிறேன், கடல் உன் உடலைக் கொண்டுபோய்விடலாம் என்கிறார். அதை இறைவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் கனேர். கரையேறி, நற்கருணை பெற்று, அங்கேயே உயிர்விடுகிறார்.

செனானின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட கதை இது. எழுதியவர்கள் வாதத்தில் கனேரை வெல்லவிட்டார்கள். ஆனால் வென்றவருக்குக் கிடைத்தது இறப்பதற்கான இடம் மட்டுமே; அதுவும் தீவின் விளிம்பில்.

ஸ்கெல்லிக்கின் துறவிகள் பட்ட பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பசியும் புயலும் உண்மை. ஆனால் தனிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதே தனிமைக்காகப் பெண்கள் வாதாட வேண்டியிருந்தது. துறவின் வரலாற்றைப் படிக்கும் மாணவியரிடம் நான் கேட்பது இதுதான்: மலையேறியவரைப் பார்த்த பிறகு, வாசற்படியையும் அலையோரத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.