கயிறு அறும் இடம்

பொதட்டூர்பேட்டையில் கடல் இல்லை, தறிதான் உண்டு. ஆனாலும் கயிறு எங்கே அறும் என்று கேட்டால், அந்த ஊர் நெசவாளரும் பழவேற்காட்டுப் படகோட்டியும் சொல்லும் பதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: உரசுகிற இடத்தில். கைத்தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றும், நூலைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணிலும், ஊடையை அடித்து நெருக்கும் அச்சின் பல்லிலும் ஓயாமல் தேய்கிறது. அந்தத் தேய்மானத்தைத் தாங்கத்தான், விடிகாலையில் தெருவில் பாவை நீளக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, பிசிறு எழும்பாமல் நூலை நீவி உலர்த்தும் வழக்கம் நம் நெசவு ஊர்களில் வேரூன்றியது. கஞ்சி நூலுக்கு ஓர் உறை. ஆனால் உறை மட்டுமே நூலைக் காப்பதில்லை. நெய்த துணி சுருட்டுமரத்தில் ஏற ஏற, பாவு முன்னே நகர்கிறது. சற்று முன் அடிபட்ட நூல் துணிக்குள் போய்விட, புது நூல் அச்சுக்கு வருகிறது. எந்த இழையும் ஒரே இடத்தில் கடைசிவரை தேய்வதில்லை. கப்பலைக் கட்டும் கயிற்றைக் காத்த கலையும் இதுதான் என்பது என் வாதம். கயிற்றின் மேல் என்ன சுற்றினார்கள் என்பதை விட, தேய்மானத்தை எப்படி இடம் மாற்றினார்கள் என்பதில்தான் அந்தக் கலையின் உயிர் இருக்கிறது. இதை மெய்ப்பிக்கத் திருவள்ளூர், சென்னைக் கடற்கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

காரணம் எளியது: இந்தக் கரைக்கு இயற்கைத் துறைமுகமே கிடையாது. டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டியபோதும், ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெற்றபோதும், பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியவில்லை. பழவேற்காட்டில் ஏரியின் முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்தது. சென்னையில் அலையே மறித்தது. உள்நாட்டுத் தறிகளில் நெய்த துணி, சலங்கு எனப்பட்ட படகுகளில் ஏறி, அலையைத் தாண்டி, திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைந்தது. சரக்கு ஏறி முடியும்வரை நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில், அந்தக் கப்பல் ஒரு வடத்தை நம்பி நின்றது. அலை எழும்போதெல்லாம் முகப்பு உயரும், தாழும். வடம் வெளியேறும் துளையின் விளிம்பில் கயிறு ரம்பத்தில் பட்டதுபோல் அறுபடும். அடியிலோ, கப்பல் காற்றோடு திரும்பும்போதெல்லாம் கயிறு கடல்தரையில் இழுபடும். மாலுமிகள் அந்த இடங்களில் பழங்கயிற்றை நெருக்கிச் சுற்றினார்கள். புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மெல்லிய கயிற்றை ஓட்டி நிரப்பி, தார் பூசிய துணியைப் பொதிந்து, மேலே இறுக்கக் கட்டினார்கள். இவ்வளவு செய்த பிறகும், அவ்வப்போது வடத்தைக் கொஞ்சம் வெளியே விட்டுக் கொடுப்பார்கள். துளையில் தேய்ந்த பகுதி வெளியேறும். தேயாத பகுதி அங்கே வந்து நிற்கும். நெசவாளர் பாவை நகர்த்துவதும் இதுவும் ஒரே அறிவு.

இதே கரையின் படகுகளில் இந்த அறிவு இன்னும் ஆழமாக வேலை செய்தது. சலங்கில் ஆணி இல்லை. பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். சேரும் விளிம்பின்மேல் வைக்கோலோ நாரோ திரணையாக வைத்து, அதன்மேல் தையலை ஓட்டினார்கள். அந்தத் திரணை நீர்க்கசிவை அடைக்கத்தானே என்று கேட்கலாம். ஆம், அதற்கும்தான். ஆனால் கயிறு பலகையின் கூர்விளிம்பை நேராகத் தொடாமல், மெத்தென்ற ஒன்றின்மேல் படிந்து கிடந்ததும் அதனால்தான். ஆணி அடித்த விறைப்பான படகு சென்னை அலையில் தரையில் மோதினால் உடையும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தையல் தளர்ந்தால் பிரித்துப் புதுக் கயிற்றால் மறுபடி தைத்தார்கள். தேய்வதைத் தடுக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, எது தேய வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்: பலகை தேயக் கூடாது, மலிவான கயிறு தேயலாம். தென்னை நாரின் குணமும் இதற்கு ஒத்து வந்தது. ஐரோப்பியச் சணல் வடத்தைவிட அதன் வலு குறைவு; ஆனால் நீண்டு கொடுக்கும், மிதக்கும், உப்புநீரில் எளிதில் மக்காது. வெடுக்கென்று இழுபடுவதை அது உள்வாங்கிக்கொள்ளும். நம் கயிறு என்ற சொல்லின் மலையாள இனச்சொல்லே ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், தென்னை நாருக்குப் பெயராகிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சென்னைக் கடலில் கப்பல்களை அழித்தது புயல், தேய்மானம் அல்ல என்பார்கள். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த லா பூர்தொன்னேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் அக்டோபர்ப் புயலில் சிக்கின. சில மூழ்கின, சில பாய்மரங்களை இழந்தன. அந்த இரவில் எந்தச் சுற்றும் எந்தப் பொதியும் வடத்தைக் காத்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதே உண்மைதான் என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் நடுவில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டு நீங்குவதே அக்காலத்து மரபு. சென்னைக் கோட்டையின் கொடிமரமே அந்தப் பருவத்தில் இறக்கப்பட்டது. கயிறு தாங்காத சுமை வருமுன் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போவதும் கயிற்றைக் காக்கும் முறைகளில் ஒன்று. பஞ்சாங்கத்தையும் அந்த முறையில் சேர்த்தே எண்ண வேண்டும்.

இன்னொரு மறுப்பு: 19-ஆம் நூற்றாண்டில் இரும்புச் சங்கிலி வந்தது, துறைமுகம் கட்டப்பட்டது, பிரச்சினை தீர்ந்தது. பாதிதான் சரி. நங்கூரத்துக்குச் சங்கிலி வந்தபின் கடல்தரை உரசல் பெரிய கவலையாக இல்லாமல் போனது. சென்னையில் 1861-இல் இரும்புத் தூண் பாலம் வந்தது. 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881 நவம்பர்ப் புயல் முடிவடையும் நிலையிலிருந்த அலைதடுப்புச் சுவர்களைப் பெருமளவு உடைத்துப் போட்டது. பிறகு சுவர்களை மீட்டு, வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுக நிர்வாகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுகம் உருப்பெற்றது. ஆனால் சுவருக்குள் நின்ற கப்பலைச் சங்கிலியால் துறைமேடையோடு கட்ட முடியாது. சரக்கு ஏற ஏறக் கப்பல் தாழும். இறங்க இறங்க உயரும். அங்கே கயிறுதான் வேண்டும். வெளியே புயல் உருவாகும்போது நீண்ட அலைகள் வாயில் வழியே உள்ளே நுழைந்து, கப்பலை மேடையோரமாக முன்னும் பின்னும் நகர்த்தும். பார்வைக்குக் கடல் அமைதியாகவே தெரியும். கயிறோ மேடை விளிம்பில் அறுந்துகொண்டிருக்கும். சுவர் அலையைத் தடுத்தது, உரசலைத் தடுக்கவில்லை.

இன்று நைலானும் பாலிப்ரொப்பிலீனும் நார்க்கயிற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. இப்போது உறையின்மேல் உள்ள நம்பிக்கை முன்பைவிட அதிகம்: ரப்பர்க் குழாயைக் கயிற்றில் மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் நைலான் திரும்பத் திரும்ப நீண்டு சுருங்கும்போது உள்ளிழைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். இறுக்கமான குழாய் மழைநீரையும் கடல்நீரையும் உள்ளே விடாது. சூடு வெளியேற வழியின்றிக் கயிறு உறைக்குள்ளேயே இளகி அறும். வெளியே குழாய் புதிதுபோல் இருக்கும். நீர் புகும் நெய்த உறை இதைவிட மேல். அதையும் அவ்வப்போது நகர்த்தி, அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் சென்னைத் துறைமுகம் கப்பல்களை வெளியே ஆழ்கடலுக்கு அனுப்பும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல், நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது, உயிர்களும் போயின. அப்படியானால் வெளியேற்றும் மரபே தவறா? இல்லை. அந்த மரபின் பொருள், கரைக்கு அருகில் இன்னொரு கயிற்றில் தொங்குவதல்ல. எந்தக் கயிறும் இல்லாமல், சொந்த எந்திரத்தின் வலுவில், ஆழ்கடலில் புயலை விட்டு விலகி ஓடுவது. 1746-க்கு முன்பிருந்தே இந்தக் கரையின் மாலுமிகள் அக்டோபரில், எந்திரத்துக்குப் பதில் பாயின் வலுவில், செய்து வந்தது அதைத்தான்.