மிளகுத் தோட்டமும் நூற்புழுவும்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸ், இன்று துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். அதற்கு அண்மையிலுள்ள ஜூரோங், சுவா சூ காங், கிராஞ்சி ஆகிய பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பிரும் மிளகும் பயிராயின. சுவா என்பது சீனக் குடிப்பெயர். சூ என்றால் வீடு. காங் என்றால் ஆறு. பழைய தோட்டக் குடியிருப்பின் நினைவு ஊர்ப்பெயரில் இன்றும் நிற்கிறது.

தோல் பதனிடப் பயன்படும் சாற்றைத் தருவது கம்பிர். அதன் இலைகளைக் கொதிக்கவைக்கக் காட்டு மரங்களை விறகாக வெட்டினர். எஞ்சிய சக்கையை மிளகுக்கு எருவாக இட்டனர். பதினைந்து, இருபது ஆண்டுகளில் விளைச்சல் குன்றும்; விறகும் தீரும். உடனே அந்நிலத்தைக் கைவிட்டுப் புதுக் காடு தேடிச் செல்வர். 1844 முதல் ஜொகூர் ஆட்சியாளர் ஆற்றங்கரைப் பட்டயங்கள் வழங்கவே, பலர் நீரிணையைக் கடந்து அங்குக் குடியேறினர். 'மண் களைத்துவிட்டது' என்பதே அக்காலத்தார் கூறிய காரணம்.

மண்ணின் சத்துக் குறைவது உண்மையே. எனினும், பயிர் வாடுவதற்கு வேரிலும் காரணம் இருக்கக்கூடும் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று. 1855இல் இங்கிலாந்தில் பெர்க்லி என்பவர் வெள்ளரி வேர்களில் முடிச்சுகளைக் கண்டு, அவை நுண்ணிய புழுக்களால் விளைந்தவை என எழுதினார். இவையே வேர்முடிச்சு நூற்புழுக்கள். கண்ணுக்குப் புலப்படாத இளம்புழு வேர் நுனியில் நுழைந்து ஓரிடத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். சுற்றியுள்ள உயிரணுக்கள் பருத்து முடிச்சாகும். நீரும் சத்தும் மேலேறுவது தடைப்படும். இலை மஞ்சளிக்கும், கொடி தளரும். மேலே பார்ப்பவருக்கு அது எருக் குறைவாகவே தோன்றும்.

நூற்புழுவின் தீங்கு தென்னிந்தியாவிலும் விரைவில் வெளிப்பட்டது. 1901இல் சென்னை மாகாணத் தாவரவியலறிஞர் பார்பர், கூடலூரை அடுத்த தேவாலாவில் தேயிலை வேர்களில் இப்புழுவைக் கண்டார். 1906இல் பட்லர் வயநாட்டு மிளகில் அதனைப் பதிவு செய்தார். சுமத்திராவுக்குக் கிழக்கேயுள்ள பங்கா தீவிலோ, வேரைக் குடையும் வேறொரு நூற்புழுவால் மிளகுக்கு மஞ்சள் நோய் பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 2 கோடி கொடிகள் அழிந்தன.

இவற்றைக் கொண்டு, சிங்கப்பூர் மிளகும் புழுவினால்தான் அழிந்தது என்று முடிவுகட்டுதல் வரலாறாகாது. அங்கு வேரின் உள்நிலையை ஆராயும் காலம் அப்போது வரவில்லை. ஆனால் 'மண் களைத்தது' என்ற ஒரு சொல்லோடு ஆய்வை முடித்துக்கொள்ளலாகாது என்பது தெளிவு. காரணம் தவறாக அறியப்பட்டால், எரு வீணாகும். உழைத்தவன்மீதே பழி விழும். போதாக்குறைக்கு, நோயுற்ற நாற்றோடும் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் பகை அடுத்த நிலத்துக்கும் செல்லும்.

எனவே தூய நாற்று, பயிர்மாற்றம், வேப்பம் பிண்ணாக்கு, நோய் தாங்கும் வகை ஆகியவற்றையே அறிஞர் வலியுறுத்துவர். கோழிக்கோட்டு ஆராய்ச்சியாளர் 1991இல் வெளியிட்ட 'பௌர்ணமி' மிளகு, வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கவல்லது.

அன்று தோட்டக்காரர் நீரிணையைக் கடந்து ஜொகூர் சென்றனர். இன்று ஜொகூரிலிருந்து துவாஸுக்கு, 1998இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே சரக்குந்துகள் வருகின்றன. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்தே பெறுகிறது. வெளிநாட்டுச் செடிக்குப் பயிர்நலச் சான்றிதழ் கேட்பதை வீண் கெடுபிடி என எண்ணுவோர், வயநாட்டையும் பங்காவையும் நினைத்துப் பார்ப்பாராக.