பியருக்காகப் பிறந்த பிரிட்ஜ்

அமெரிக்காவில் பல வீட்டுக் கராஜ்களில் ஒரு விசித்திரமான சாமான் நிற்கும். தூரத்தில பார்த்தால் பழைய பிரிட்ஜ். கிட்டப் போனால் கதவில ஒரு குழாய் முளைச்சிருக்கும். உள்ளே தட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு உலோகப் பீப்பாவும் சின்னதொரு காபனீரொட்சைட்டு சிலிண்டரும் வைத்திருப்பார்கள். குழாயை முன்னுக்கு இழுத்தால் நுரையோட பியர் வரும். பீப்பாவுக்கு அங்க கெக் எண்டு பெயர். அதையும் றெஃப்ரிஜரேற்றரையும் ஒட்டி இதைக் கெஜரேற்றர் என்கிறார்கள்.

குடிகாரர்களின்ர விளையாட்டு எண்டு இதைக் கடந்து போகலாம். ஆனால் குளிரூட்டலின் வரலாற்றை வாசிக்கிற எவரும் இந்தக் குழாய்க்கு முன்னால கொஞ்சம் நிற்கத்தான் வேணும். ஏனெண்டால் குளிரூட்டும் இயந்திரத்துக்கு ஆரம்பத்தில் காசு கொடுத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் பியர் வடிக்கிறவர்கள். எங்கட வீட்டில பாலும் மீனும் வைக்கிற பெட்டிக்கு அவர்கள் ஒரு வகையில பாட்டன் முறை.

கதையை ஜேர்மனியின் பவேரியாவில் தொடங்கலாம். அங்கு வடிக்கப்பட்ட லாகர் வகைப் பியருக்குக் குளிர் வேண்டும். அதன் நொதி குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும். பிறகு மாதக்கணக்கில் உறைநிலைக்குக் கிட்டவாக வைத்து முதிர விட வேண்டும். கோடையில் வடித்தால் கெட்டுப் போகும். அதனால் 1553இல் ஆட்சியாளர் ஐந்தாம் அல்பிரெக்ற் ஒரு கட்டளை போட்டார்: ஏப்ரல் 23 தொடக்கம் செப்ரெம்பர் 29 வரை பியர் வடிக்கக் கூடாது. இந்தத் தடை 1850 வரைக்கும் நின்றது. கோடையில் குடிக்கிற பியரை வசந்தத்திலேயே வடித்து நிலவறைகளில் வைத்தார்கள். குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய ஐஸ்கட்டிகளை அதுக்குள்ள அடுக்கினார்கள். நிலவறைக்கு மேல் வெயில் படாமலிருக்கச் செஸ்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் வாங்குகளைப் போட்டதில் இருந்துதான் மியூனிக்கின் பியர்த் தோட்டங்கள் வந்தன. (சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிற அந்த மரநிழல், அடிப்படையில ஒரு குளிரூட்டும் ஏற்பாடு!)

மாரி பிழைத்து ஐஸ் இல்லாமல் போனால் அந்த வருடத் தொழிலே ஆட்டங்காணும். இந்தப் பயத்தைத்தான் கார்ல் ஃபொன் லிண்ட தீர்த்து வைத்தார். மியூனிக் பொலிரெக்னிக்கில் பேராசிரியராக இருந்த அவர் 1870-71 அளவில் செயற்கைக் குளிர் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். வாசித்து முன்வந்தவர்கள் பியர் முதலாளிகள். ஸ்பாற்றன் வடிசாலையின் கபிரியேல் செட்ல்மயர் தன்னுடைய இடத்திலேயே பரிசோதனை செய்ய விட்டார். 1873இல் முதல் இயந்திரம் ஓடியது. 1876இல் அமோனியாவைப் பயன்படுத்தும் மேம்பட்ட வடிவம் வந்தது. அடுத்த வருடம் அதில் ஒன்று திரியெஸ்ற் நகரிலிருந்த டிரேஹர் வடிசாலைக்குப் போனது. இதுக்கெல்லாம் முதலே, 1850களில், அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் என்ற பத்திரிகைக்காரர் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். அதையும் ஒரு பியர் வடிசாலை பயன்படுத்தியது.

நம்மட பக்கத்திலும் இதே தர்க்கம்தான். நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போன சாமுவேல் பேக்கர், அதுக்கு முதல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தவர். அங்க பியர் வடித்த கதையும் அவரோடுதான் தொடங்குது. வெள்ளைக்காரன் மலை ஏறிப்போய்ப் பியர் வடித்ததுக்குக் காரணம் அங்கத்தைய குளிரும் தண்ணியும். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை பியகமவுக்கு இறங்கி வந்தது. இயந்திரக் குளிர் இருந்தால் மலை தேவையில்லைத்தானே.

வடிசாலையிலிருந்து குளிர் வீட்டுக்கு வர இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 'மொனிற்றர் ரொப்' பிரிட்ஜ் 1927இல் வந்து அமெரிக்கச் சமையலறைகளில் பரவியது. அக்காலப் பிரிட்ஜ்களில் கந்தகவீரொட்சைட்டு, மெதில் குளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் ஓடின. பிறகு நஞ்சில்லாத ஃபிரியோன் வந்தது. அது ஓசோனுக்கு என்ன செய்தது என்பது தனிக் கட்டுரை.

இதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு விசயம் நடந்தது. 1920இலிருந்து 1933 வரை மதுவிலக்கு. அதுக்கு முதல் பியர் என்றாலே பெரும்பாலும் தவறணையில் பீப்பாவிலிருந்து ஊற்றுவதுதான். வீட்டுக்கு வேணுமெண்டால் பிள்ளைகளிடம் வாளியைக் கொடுத்து அனுப்புவார்கள். விலக்கு நீங்கி இரண்டு வருடத்தில், 1935 ஜனவரியில், ரின்னில் அடைத்த பியர் சந்தைக்கு வந்தது. வீட்டில் பிரிட்ஜ், கடையில் ரின். ஆர் இனித் தவறணைக்குப் போவான்? 1940களில் ரின்னும் போத்தலும் பீப்பாவை முந்திவிட்டன. நாடு முழுக்க ஒரே ருசியில், கெடாமல், தூர இடத்துக்கு அனுப்பக்கூடிய பியரைச் செய்த பெரிய கம்பனிகள் சின்ன வடிசாலைகளை விழுங்கின. 1930களின் நடுவில் எழுநூறைத் தாண்டியிருந்த வடிசாலைகளின் எண்ணிக்கை 1970களின் கடைசியில் நூறளவுக்கு விழுந்தது.

எங்கட வாசிப்பில் இதுதான் கதையின் முடிச்சு. பியரால் பிறந்த இயந்திரம், வீட்டுக்குள் வந்ததும் பீப்பாப் பியரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டது. அதே பிரிட்ஜின் கதவில ஓட்டை போட்டு அதை மீட்டவர்கள் சாதாரண ஆட்கள்.

அவர்களுக்கு முன்னால் ஒரு சட்டம் நின்றது. மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் வைன் செய்ய இடம் கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. இது சரியாக 1978 ஒக்ரோபர் 14 வரை இழுபட்டது. அன்றுதான் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். இரண்டு வளர்ந்தவர்கள் இருக்கிற வீட்டுக்கு வருடம் 200 கலன், அதாவது சுமார் 757 லீற்றர். விற்கக் கூடாது. அதே வருடம் கொலராடோவின் போல்டரில் சார்லி பப்பாசியனும் நண்பரும் வீட்டில் வடிப்போருக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டில் வடித்துப் பழகிய கென் குரொஸ்மன் 1980இல் கலிபோர்னியாவில் பழைய பால்பண்ணைச் சாமான்களை வைத்து சியெரா நெவாடாவை ஆரம்பித்தார். இன்று அங்கு வடிசாலைகள் ஒன்பதாயிரத்துக்கு மேல். எண்டாலும் மிசிசிப்பியும் அலபாமாவும் வீட்டில் வடிக்க அனுமதித்தது 2013இல்தான்.

எங்கட நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடிப்பது குற்றம். வருமானத்தைக் குறியாக வைத்துக் குடியேற்ற அரசு எழுதிய சட்டம் அது. பனையில் கள்ளுச் சீவுகிறவருக்கும் அதே சட்டந்தான். யார் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது எப்போதும் வரி வாங்குகிறவன்தான் என்பதில் அமெரிக்காவுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

சரி, பிரிட்ஜுக்கு வருவோம். ஏன் பழையது? 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற பிரிட்ஜ் ஒன்று வருடத்துக்குச் சுமார் 1800 யுனிற் மின்சாரம் தின்றது. புதியவை அதில் மூன்றிலொன்றுக்கும் குறைவு. ஆகவே சனம் புதிதை வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பழசைக் கராஜுக்குத் தள்ளியது. மின்கட்டணத்தைப் பார்த்தால் இது மலிவான பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சொல்லவேணும். இன்னும் பழசுகளில் வேறொரு ஆபத்து இருந்தது. வெளியே இழுத்தால்தான் திறக்கும் கொளுக்கிக் கதவு. எறியப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளித்து விளையாடிய பிள்ளைகள் மூச்சடைத்து இறந்தார்கள். அதனால்தான் 1956இல், உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடிய கதவைக் கட்டாயமாக்கி ஒரு சட்டமே வந்தது.

குழாய் ஏன் பெரும்பாலும் கதவில் என்பதற்கும் காரணமுண்டு. பக்கச் சுவருக்குள் குளிரூட்டும் வாயு ஓடும் குழாய்கள் இருக்கலாம். துளைகருவி அதில் பட்டால் பிரிட்ஜும் போச்சு, பழையதென்றால் உள்ளே இருந்த ஃபிரியோனும் காற்றுக்குப் போச்சு. கதவில் அந்தப் பயம் இல்லை. சுமார் 3 பாகை குளிரில், சதுர அங்குலத்துக்கு 12 இறாத்தல் அளவு அழுத்தத்தில் வாயுவை விட்டால் பியருக்குள் கரைந்த வாயு அப்படியே நிற்கும். வெளியே நீட்டிய குழாய் சூடானால் அந்த வாயு பிரிந்து கிண்ணம் முழுக்க நுரைதான். லிண்ட காலத்து வடிசாலைக்காரன் பட்ட அதே குளிர்ப் பிரச்சினை, ஒரு சாண் நீளத்தில்.

பீப்பா வந்த வழியும் எங்களுக்குப் பிடிச்ச கதை. வடிசாலைப் பீப்பா 58 லீற்றருக்கு மேல் கொள்ளும். நிரம்பினால் ஒருவரால் தூக்க ஏலாது. வீட்டில் வடித்தவர்களுக்குக் கைகொடுத்தது சோடாக் கம்பனிகளின் 19 லீற்றர் துருப்பிடியா உருக்குக் கலன். குளிர்பானக்காரர்கள் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்ரிக் பையில் பாகை அனுப்பப் பழகியதும் அந்தக் கலன்கள் குவியல் குவியலாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. மூடியின் றப்பர் வளையங்களை மாற்றி, சோடா மணம் போகுமட்டும் கழுவிப் பியரை ஊற்றினார்கள். அந்தக் குவியல் தீர்ந்துகொண்டு வர, இப்போது அதே வடிவில் புதுக் கலன்களை வீட்டில் வடிப்போருக்கென்றே செய்து விற்கிறார்கள்.