இரண்டு ரூபாய்களும் ஒரு மிளகு மூட்டையும்

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையைத் தராசில் ஏற்றும் உழவருக்கும் இலங்கை நாணயத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டிய ஊர் அது. அந்த நாணயத்தை அவர் கையால் தொட்டிருக்கவும் மாட்டார். ஆயினும் தொடர்பு உண்டு. அதனைக் காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒரு காலத்தில் ஒரே நாணயமாகவே இருந்தன. 1869-இல் இந்திய வெள்ளி ரூபாயே இலங்கையின் சட்டபூர்வமான நாணயமாயிற்று. 1872-இல் இலங்கை அந்த ரூபாயை நூறு சதங்களாகப் பகுத்துக்கொண்டது. இந்தியாவிலோ 16 அணாக் கணக்கு 1957 வரை நீடித்தது. ஆகவே, காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கொழும்புக்குக் கப்பலேறிய நம் சபுராளிகள் அங்குக் கற்கவேண்டியிருந்தது சில்லறைக் கணக்கு ஒன்றுதான். அணா ஒன்றுக்கு ஆறேகால் சதம். நாலணாவுக்கு இருபத்தைந்து சதம். ரூபாய்க்கு ரூபாய் சரி. கொழும்பில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தால் ஊரிலும் அது நூறு ரூபாயே. வட்டம் என்ன, மாற்று என்ன என்று வீட்டிலுள்ளோர் விசாரிக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

1949-இல் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தபோது இந்தியாவும் இலங்கையும் உடன் குறைத்தன, சமநிலை கலையவில்லை. (பாகிஸ்தான் மட்டும் மறுத்து நின்றது. அதனால் அதன் நூறு ரூபாய் இந்தியாவின் 144 ரூபாய்க்குச் சமமாகி, இரு நாடுகளுக்கிடையே சணல் வாணிகமே தடைப்பட்டது.) இலங்கை 1950-இல் தனக்கென மத்திய வங்கி அமைத்துக்கொண்ட பின்னரும் ரூபாய்க்கு ரூபாய் என்பது மாறவில்லை.

அது முறிந்த நாள் 1966 ஜூன் 6. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை இந்தியா 7.50 ஆக்கியது, இலங்கை அசையவில்லை. ஒரே நாளில் இலங்கையின் நூறு ரூபாய் இங்கு 157 ரூபாயாயிற்று. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால் அங்குச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம் அது. கணக்கில் பெருகிய பணம் கைக்கு எட்டுவது எளிதாக இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் இலங்கையும் மதிப்பைக் குறைக்கவே, நூறு ரூபாய் 126 ஆக இறங்கியது. 1977 நவம்பரில் டாலருக்கு 16 ரூபாய் என்று அந்நாடு வைத்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இலங்கையின் நூறு ரூபாய் இந்தியாவின் ஐம்பது ரூபாயைச் சற்றே தாண்டி நின்றது. 2021-இல் அது ஏறத்தாழ 37. நெருக்கடி முற்றிய 2022 மே மாதத்தில் 21 அளவே.

இனி மிளகுக்கு வருவோம். 1998-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வாணிக ஒப்பந்தத்தின் சலுகையால் அத்தீவின் மிளகு இந்தியச் சந்தைக்கு எளிதாக வந்து சேர்ந்தது. இலங்கை ரூபாய் தாழும்போதெல்லாம் அங்குள்ள வணிகரின் கை ஓங்கும். நாணயம் வீழ்ந்தால் அங்கும் மிளகின் விலை ஏறும் என்பது உண்மையே. ஆயினும் பறிகூலியும் வண்டி வாடகையும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் அவரால் விலையைத் தணித்துக் கேட்க முடிகிறது. வியட்நாம் மிளகும் இலங்கைப் பெயரில் நுழைந்தது என்பது நம் தோட்டக்காரர்களின் நெடுநாள் மனக்குறை. 2017 டிசம்பரில் இந்திய அரசு, கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யலாகாது என்று அணை கட்டியது. அந்த அணை இந்திய ரூபாயில் அளக்கப்பட்டது. அதனால், 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்த வேகத்தில் விலையும் அப்படியே சரிந்து உள்ளே வந்துவிட முடியவில்லை. தாமதமாக வந்த அணை என்பதே நம் கருத்து. அதற்கு முந்திய ஆண்டுகளின் நட்டத்தை யார் ஈடு செய்வது?

சோளக்காட்டு உழவர் சில்வர் ஓக் மரத்தில் கொடியேற்றி, ஏணி சாய்த்துக் கதிரைப் பறித்து, முற்றத்தில் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். வியாபாரி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார். கொச்சியின் அன்றைய விலையை அறிந்த பின்னரே வாய் திறக்கிறார். கொச்சியோ கொழும்பின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.