ரோமானிய நாணயமா, உள்ளூர் நகலா? அடையாளம் காண்பது எப்படி

சரோஜினி நகர், புதுதில்லி: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் ரோமானிய உருவம் பொறித்த காசுகள் அனைத்தும் ரோமப் பேரரசின் அக்கசாலைகளில் அச்சடிக்கப்பட்டவை அல்ல. அவற்றுள் ஒரு பகுதி அக்காலத்திலேயே உள்ளூர்க் கம்மியர்களால் செய்யப்பட்ட நகல்கள். அண்மைக் காலத்தில் விற்பனைக்காக வார்க்கப்பட்ட போலிகளும் உலவுகின்றன. அசல், பண்டைய நகல், நவீனப் போலி ஆகிய மூன்றையும் பிரித்தறிவதில்தான் பண்டைய வணிகம் பற்றிய பல முடிவுகள் தங்கியுள்ளன. காசு வாங்குபவரின் பணமும், கண்டெடுத்தவரின் சட்டப் பொறுப்பும் இதனுடன் சேர்ந்தவையே.

எந்த நாணயங்கள் வந்தன?

கி.பி. முதல் நூற்றாண்டில் மிளகு, முத்து, மென்துகில் ஆகியவற்றுக்கு ஈடாக ரோமானியப் பொன்னும் வெள்ளியும் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குச் சென்றுவிடுவதாக ரோமானிய அறிஞர் பிளினி குறைபட்டுக்கொண்டார்.

இந்தியாவில் கிடைக்கும் வெள்ளி டெனாரியஸ் காசுகளில் இரு வகைகளே மிகுதி. முதலாவது, அகஸ்டஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் அவருடைய வாரிசுகளான கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களையும் ஈட்டிகளையும் நடுவே வைத்து நிற்பர். இரண்டாவது, திபேரியஸ் வெளியிட்டது. அதன் பின்புறத்தில் கிளையும் செங்கோலும் ஏந்திய பெண் அமர்ந்திருப்பாள். இவ்விரு வகைகளும் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சடிக்கப்பட்டவை. தெலங்கானாவின் அக்கன்பள்ளியில் கிடைத்த 1,531 வெள்ளிக் காசுகளில் இவையே பெரும்பான்மை.

இதற்குக் காரணம் உண்டு. கி.பி. 64-இல் நீரோ மன்னர் டெனாரியஸின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தார். அதற்கு முன் ஏறத்தாழ 3.9 கிராமாக இருந்த எடை சுமார் 3.4 கிராமானது. காசை உலோக மதிப்புக்காக ஏற்ற இந்திய வணிகர்கள் பழைய காசுகளையே விரும்பினர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வெவ்வேறு முகங்கள் பொறிக்கப்பட்டிருந்தும் டெனாரியஸ் காசுகள் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு இலங்கை மன்னர் ஒருவர் வியந்ததாகவும் பிளினி எழுதியுள்ளார்.

உள்ளூர் நகலின் அடையாளங்கள்

முதலில் பார்க்க வேண்டியது எழுத்து. அசல் காசில் லத்தீன் வாசகம் பொருளுடன் தொடர்ந்து வரும். அம்மொழி அறியாத கம்மியர் செய்த நகலில் எழுத்துகள் தலைகீழாகவும், இடவலம் மாறியும், சில இடங்களில் வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருக்கும்.

இரண்டாவது, உருவம். தலைமுடி சீரான கோடுகளாகும், கண் பெரிதாகும், ஆடை மடிப்புகள் வடிவம் இழக்கும். ஒரு மன்னரின் முகமும் வேறொரு மன்னரின் பின்புற உருவமும் ஒரே காசில் இணைந்திருந்தால் ஐயம் வலுக்கிறது.

மூன்றாவது, எடை. ஆனால் எடை சரியாக இருப்பதாலேயே காசு அசலாகிவிடாது. இந்தியாவில் செய்யப்பட்ட தங்க நகல்கள் பலவும் நல்ல பொன்னால் ஆனவை. ஆகவே, அவை அனைத்தும் பிறரை ஏமாற்றச் செய்யப்பட்ட கள்ளக் காசுகள் என்று கொள்ள இயலாது. அணிகலனாகவோ, பொன்னின் சேமிப்பாகவோ அவை பயன்பட்டிருக்கக்கூடும். மன்னரின் தலைக்கு மேலே இரட்டைத் துளையிட்ட தங்கக் காசுகள் இதற்குச் சான்று. அவ்வாறு துளையிட்டால், கழுத்தில் அணியும்போது உருவம் நிமிர்ந்து நிற்கும். கொண்டாப்பூர், தேர் போன்ற ஊர்களில் ரோமானியக் காசு வடிவிலான சுடுமண் பதக்கங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன.

வெட்டுத் தழும்பு போலியின் அடையாளமா?

இல்லை. புதுக்கோட்டை அருகே கறுக்காக்குறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகம் உளியால் வெட்டப்பட்டிருந்தது. அவை அசல் காசுகளே. காசாக மீண்டும் புழங்காமல் வெறும் பொன்னாகக் கருதப்பட வேண்டும் என்பதற்காக வெட்டப்பட்டன என்பது ஒரு விளக்கம். உட்புற உலோகத்தைச் சோதிக்க வெட்டினர் என்பது மற்றொன்று.

நகலும் தழுவலும்

கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் ரோமானியப் பாணியில் தலை உருவம் உள்ளது. அதனுடன் 'மாக்கோதை' என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. இது நகல் அன்று. அயல்நாட்டுப் பாணியை ஏற்றுத் தன் பெயரில் வெளியிட்ட அரச நாணயம். வடமேற்கில் குஷாண மன்னர் குஜூல காட்பிசஸ் வெளியிட்ட செப்புக் காசுகளிலும் ரோமானிய மன்னரை ஒத்த தலை காணப்படுகிறது.

சிறு செப்புக் காசுகள்

கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரை வட்டாரத்திலும் கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறிய ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து 1994-இல் தனி நூலாக வெளியிட்டார். இலங்கையில் இவ்வகைக் காசுகளுடன் உள்ளூர் நகல்களும் பெருமளவில் கிடைக்கின்றன. சில்லறைத் தேவைக்காக அவை அங்கேயே செய்யப்பட்டன என்று கருதப்படுகிறது. அவற்றில் வாசகம் பெரும்பாலும் வெறும் கீறல்களாகவே இருக்கும். சிலுவை, நிற்கும் வீரர் போன்ற உருவங்கள் எளிய கோடுகளாகச் சுருங்கியிருக்கும். எனவே, ஓர் ஊரில் கிடைத்த காசுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ரோமானிய வணிகத்தின் அளவை முடிவு செய்தால் கணக்குப் பிழையாகும்.

நவீனப் போலி

பண்டைய காசுகளில் பெரும்பாலானவை அச்சுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் அடிக்கப்பட்டவை. இக்காலப் போலிகளில் பல அச்சில் வார்க்கப்பட்டவை. விளிம்பைச் சுற்றி ஓடும் இணைப்புக் கோடு, மேற்பரப்பில் காற்றுக் குமிழிகளின் நுண்துளைகள், மழுங்கிய எழுத்து ஆகியவை வார்ப்பைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு காசுகளில் ஒரே கீறலும் ஒரே தேய்மானமும் அதே இடத்தில் இருந்தால், அவை ஒரே மூலத்திலிருந்து வார்க்கப்பட்டவை என உறுதியாகக் கொள்ளலாம்.

காசு கிடைத்தால் செய்ய வேண்டியவை

* அமிலம், புளி, எலுமிச்சை ஆகியவற்றால் தேய்க்கக் கூடாது. எழுத்தும் மேற்பரப்பும் அழிந்தால் ஆய்வுக்கு வழியில்லை.
* கிடைத்த இடம், ஆழம், உடன் கிடைத்த பானை ஓடுகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடம் தெரியாத காசு வரலாற்றுச் சான்றாகப் பாதி மதிப்பை இழக்கிறது.
* 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் புதைந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.
* 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருளாகும். உரிமமின்றி அதனை வணிகம் செய்வதும், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், தில்லி ஜன்பத் சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகத்திலும் பண்டைய நாணயத் தொகுப்புகள் உள்ளன. பொற்கொல்லரின் உலையில் உருகிய புதையல்கள் எண்ணற்றவை. அசலாயினும் நகலாயினும், காசை உருக்கியபின் அதைப் படிக்க வழியில்லை.