மேடையில் 4 மைக்... ஒரே இரைச்சலா? நாய்ஸ் கேட்டை செட் செய்வது எப்படி?

பட்டிமன்ற மேடையில் ஒருவர் பேசும்போது, மற்ற மைக்குகள் ஃபேன் சத்தத்தையும் சலசலப்பையும் இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்குவதுதான் நாய்ஸ் கேட். ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த மைக்கை மட்டும் மூடும்; பேசினால் திறக்கும். பேச்சோடு கலந்து வரும் இரைச்சலை இது நீக்காது.

இணைப்பது எப்படி?

ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்துவிட்டு, மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கின் இன்சர்ட்டிலும் கேட்டின் ஒரு சேனலை இணைக்கணும். ஆம்ப்ளிஃபயரைக் கடைசியாக ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யணும். இல்லையென்றால் 'டப்' சத்தத்தில் ஸ்பீக்கரே போய்விடலாம். 'ஹம்' சத்தம் வருதுன்னு எர்த் பின்னைக் கழற்றவே கூடாது. மைக்கைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

செட் செய்வது எப்படி?

* த்ரெஷோல்டு: குறைந்த அளவில் தொடங்கி, இரைச்சல் அடங்கும் வரை மட்டும் ஏற்றணும்.
* அட்டாக்: பேச்சுக்கு 1 முதல் 5 மில்லி செகண்ட். தாமதமானால் 'வணக்கம்' என்பது 'ணக்கம்' ஆகிவிடும்.
* ரிலீஸ்: 200 முதல் 300 மில்லி செகண்ட். குறைந்தால் வார்த்தையின் கடைசி எழுத்து அறுபடும்.
* ரேஞ்ச்: முழுசாக மூட வேண்டாம், 10 முதல் 15 டெசிபல் குறைத்தாலே போதும்.

கவனிக்க!

மெல்லிய குரலில் பேசுபவரை வைத்தே ஒவ்வொரு மைக்கையும் சோதிக்கணும். உரத்த குரலுக்கு செட் செய்தால், அவர் பேச்சு கூட்டத்துக்கு எட்டாமலே போய்விடும். அவசர அறிவிப்புக்கான மைக்கில் கேட் வேண்டவே வேண்டாம்.